இல்லாதவள் எழுதிய மனு

அரசு அலுவலக வாசலில் மடக்கு மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மருத்துவ அட்டைக்குப் புதுச் சட்டம் வந்ததிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்குக் கடிதம் வரும். அதில் கையெழுத்துப் போட்டு முப்பது நாளுக்குள் அனுப்பாவிட்டால் அட்டை ரத்து. ஊருக்கெல்லாம் நான் எழுதிக் கொடுத்தேன். ரத்தானது என் அட்டை.

எனக்குக் கடிதமே வரவில்லை. விசாரித்தபோது குமாஸ்தா உறையை எடுத்துக் காட்டினார். அதன்மேல் நீல மையில், ‘இங்கே அப்படி யாரும் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தது. அந்தக் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா? எங்கள் மாடிப்படியில் ‘செருப்பைக் கீழே விடவும்’ என்று ஒட்டியிருப்பதும் அதே கைதான். வீட்டுக்காரம்மா! ஆறு வருஷமாக எங்களை மாடியில் குடிவைத்துவிட்டு, வாடகைக்கு ஆளே இல்லையென்று வீட்டுவரி அலுவலகத்தை ஏமாற்றுகிறவள். அரசு முத்திரையைப் பார்த்துப் பயந்து எங்களையே இல்லாமல் ஆக்கிவிட்டாள்.

வீட்டுக்காரர் எழுதித் தந்தால்தான் அட்டை திரும்பக் கிடைக்குமாம். நாங்கள் குடியிருப்பதாக ஒரு வரி எழுதித் தரச் சொல்லி அவளிடம் கெஞ்சினேன். அதெல்லாம் முடியாது, வேறு வழி பார்த்துக்கொள் என்று கதவைச் சாத்தினாள்.

என் மகளுக்கு எட்டு வயது. வலிப்பு நோய். அட்டை இருந்தவரை மாத்திரை இலவசம். அட்டை போனபின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தேன். அந்தப் பாவம் என்னுடையது, மறுக்கவில்லை. மூன்றாவது வாரம் பள்ளிக்கூட வராந்தாவில் வலிப்பு வந்து விழுந்தாள். அப்போதுதான் முளைத்திருந்த முன்பற்கள் இரண்டும் போயின. ரத்தத்தைத் துடைக்கும்போதே வீட்டுக்காரம்மாவை நினைத்து, இருடி, உனக்கு இருக்கு என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

பழி வாங்க நான் எங்கும் போகவில்லை. அடுத்த வாரம் அவளே என் மேசைக்கு வந்தாள். புதுச் சட்டத்தில் எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு விதி இருந்தது. ஆள் இல்லையென்று கடிதம் திரும்பினால் அந்தக் கதவு எண்ணில் உள்ள அத்தனை அட்டையும் ரத்து. அவள் புருஷனுக்குச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி மருந்து வாங்கப் போகிறவருக்கு அன்றுதான் கையை விரித்திருக்கிறார்கள். மனு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று குமாஸ்தா அவளை வாசலுக்கு அனுப்பியிருந்தார். தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

பதினோரு பேருக்குப் பின்னால் நின்றாள். முறை வந்ததும் ஒன்றும் தெரியாதவள்போல் பெயர், வயது, நோய் எல்லாம் கேட்டு எழுதினேன். மனுப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வியை மட்டும் வரிசைக்கே கேட்கும்படி உரக்கப் படித்தேன். இதே கதவு எண்ணில் வேறு யார், எத்தனை வருஷமாக, என்ன முறையில் குடியிருக்கிறார்கள்? அதன்கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் விடவில்லை. நகல் வீட்டுவரிப் பிரிவுக்குப் போகும்.

அவள் முகம் வெளுத்தது. குனிந்து, "அந்த ஒரு வரிய மட்டும் விட்டுடேம்மா" என்றாள்.

"விட்டுடலாம்க்கா. அப்ப நான் அந்த வீட்ல இல்லைன்னு ஆயிடும். இல்லாதவ எழுதுற மனு எப்படிச் செல்லும்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சுவரோரம் பெஞ்சில் அவள் புருஷன் வியர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் என்ன செய்தார், பாவம். எனக்கு இரக்கம் வரத்தான் செய்தது. காலையில் ரொட்டியைக் கடிக்க முடியாமல் பாலில் ஊறவைத்துத் தின்ற மகள் நினைவுக்கு வந்ததும் அது போய்விட்டது. பேனாவை அவள் பக்கம் தள்ளி, ஒன்பதாவது பதிலை உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்றேன். மாடியில், ஆறு வருஷமாக, வாடகைக்கு என்று எழுதினாள். அதே கோழிக் கிறுக்கல். அன்றே இரண்டு வீட்டு அட்டைக்கும் உயிர் வந்தது.

சாயங்காலம் முழு மாத்திரைப் பெட்டியோடு வீடு திரும்பினேன். மாடிப்படியில் மறித்து நின்றாள். மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம்.

"தாராளமா பண்றோம்க்கா. ஆனா வாயால சொன்னா செல்லாது. ஆறு வருஷமா குடியிருக்கறவங்களக் காலி பண்ணச் சொல்றேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எழுத வரலைன்னா, காலையில மேசைக்கு வாங்க. நானே எழுதித் தர்றேன்."