ஸ்க்ரூவின் மறுமுனை

1

இந்தக் கதை என் வரவேற்பறைச் சுவரில் பிறந்தது. ஆன்மத் தவிப்பில் பிறந்த கதைகள்தான் வேண்டுமென்றால் வேறு எழுத்தாளர்களிடம் தாராளமாகக் கிடைக்கும். என் கணவர் ஒரு வீடியோ பார்த்தார்: பழமைத் தோற்றத்தில் மரச் சுவர் அலங்காரம், வீட்டிலேயே, மிக எளிது. அந்த ‘மிக எளிது’ எங்கள் வீட்டில் உடைத்த பொருட்களைப் பற்றித் தனிக் கதையே எழுதலாம்.

முதல் வரியை இப்படித்தான் தொடங்கினேன்: “அந்தப் பழைய கதவு தன் மௌனத்தைக் கலைத்து...” வேண்டாம். இந்த வீட்டில் பேசாமல் இருப்பது கதவல்ல, அண்ணனும் தம்பியும்.

2

அண்ணன் என் கணவர். தம்பி என் கொழுந்தன், சுவருக்கு அந்தப் பக்கம். ஒரே வீடுதான். நடுவில் ஒரு கதவு இருந்தது. சண்டை வந்ததும் அதைக் கழற்றிப் பின்கட்டில் சாய்த்துவிட்டு, வாசலை அவசரத்துக்கு சிமென்ட் அட்டையால் அடைத்துப் பூசினார்கள். செங்கல் பிறகு வைக்கலாம் என்றார்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

[சண்டைக்கு இங்கே கனமான காரணம் ஒன்று தேவை. சொத்து? துரோகம்? உண்மைக் காரணத்தை எழுதினால் எந்தப் பத்திரிகையும் போடாது. ஏணி. தம்பி வாங்கிப் போனார், திருப்பித் தரவில்லை. இவர் கேட்டார். கேட்ட விதம் சரியில்லையாம்.]

எனக்கும் ஓரகத்திக்கும் ஒரு சண்டையும் இல்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பேசிக்கொள்வோம். அந்தக் கதவு மறுபடி அதே இடத்தில் வரவேண்டும் என்பதுதான் எங்கள் இருவர் ஆசையும். இதைப் பூடகமாகச் சொல்லியிருக்க வேண்டும், பொறுமையில்லை.

3

அப்படியிருக்க, என் கதாநாயகர் அந்தக் கதவையே அறுத்தார்.

கதவே போய்விட்டால் எதைத் திரும்ப மாட்டுவது? அவரோ பலகைகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் உரசிய தடம், தம்பி சின்ன வயதில் உதைத்த பள்ளம், எல்லாம் போயிற்று. பிறகு ஒரு சங்கிலியை எடுத்துப் பலகையைச் சாத்து சாத்தென்று சாத்தினார்.

“எதுக்கு அடிக்கிறீங்க?”

“பழசா தெரியணும்ல.”

“அது பழசாத்தானே இருந்துச்சு?”

“அது வேற பழசு. உனக்குப் புரியாது.”

(இந்தப் பாத்திரத்தை யாரும் நம்பமாட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் பார்வையைச் சோதிக்கிற மனிதர் என்று சொன்னால் இன்னும் நம்பமாட்டார்கள். நான் என்ன செய்ய, கட்டிக்கொண்டாயிற்று.)

கடைசியில் பலகைகளைப் பின்னால் சட்டம் வைத்து இணைத்து, கெட்டித் தேயிலைச் சாறு பூசி, வெள்ளை எழுத்தில் எழுதினார்: நம் வீடு. நான் கற்பனையில் எழுதியிருந்தால் செயற்கை என்று அடித்திருப்பேன்.

4

அதை மாட்ட அவர் தேர்ந்தெடுத்த இடம், அடைத்த வாசலின் உச்சி. அவர் குள்ளம். ஏணி அந்தப் பக்கம். ஆகவே நாற்காலி மேல் முக்காலி, முக்காலி மேல் என் கணவர், கீழே கடவுளை நம்பி நான். உள்ளே இருப்பது சிமென்ட் அட்டை என்பதையே மறந்து, சுவர் கெட்டி என்று நினைத்து இருப்பதிலேயே நீளமான ஸ்க்ரூவை எடுத்தார். வெண்ணெயில் போவது மாதிரி போயிற்று.

பலகை கோணலாக நின்றது.

“கோணலா இருக்குங்க.”

“நீ கோணலா நிக்கிற.”

5

நாலு நாள் கழித்து மாடியில் ஓரகத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வந்தாள்.

“அக்கா, உங்க ஸ்க்ரூ எங்க ஹாலுக்குள்ள எட்டிப் பார்க்குது!”

“ஐயையோ! கத்தினாரா?”

“எங்க கத்தினாரு? விரலால தொட்டு ஆட்டிப் பார்த்தாரு. அப்புறம் சட்டையக் கழட்டி அதுல மாட்டிட்டாரு. இப்ப தினமும் அதுலதான்.”

கீழே வந்தால், என் கணவர் முக்காலி மேல் நின்று, கோணலைச் சரிசெய்ய ஸ்க்ரூவைக் கழற்றத் தயாராக இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“என்ன சட்டை?”

“நீலக் கட்டம் போட்டதாம். கையெல்லாம் குட்டையா இருக்குமாம்.”

அவர் கை நின்றது.

“அது என் சட்டை. அந்த நெட்டையன் இன்னுமா அதைப் போட்டுட்டுத் திரியிறான்?”

திட்டுவதுபோலத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரல் சரியில்லை. ஸ்க்ரூவைத் தொடாமல் இறங்கிவிட்டார். எனக்கு அழுகை வந்தது; எழுத்தாளர் என்பதால் உடனே குறித்தும் கொண்டேன்.

6

முடிவு அ: தம்பி ஏணியோடு வருகிறார், கட்டித் தழுவுகிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ள விரும்புவோர் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முடிவு ஆ: தம்பி சுத்தியலால் ஓங்கி அடிக்கிறார், பலகை விழுந்து அண்ணனின்... சே, வேண்டாம்.

முடிவு இ: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் ஏணி இழுபடும் சத்தம் கேட்கிறது. அவர்கள் வீட்டுப் பரணுக்கா, எங்கள் வாசலுக்கா, தெரியவில்லை. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் தெரு வாசல் கதவைத் திறந்துவைக்கப் போகிறேன்.

போய்ப் பார்த்தால், கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. பக்கத்தில் என் கணவர் துவைத்த சட்டையும் சீவிய தலையுமாக நிற்கிறார்.

புழுக்கமாம். காற்றுக்காகத் திறந்தாராம்.