வேறு ஆள் வாசிக்கட்டும்

“டியர் சார்!”

மாடியில் ஆவுடையம்மாள் இப்படித் தொடங்கினால், கீழே சுக்கு கோடவுனில் மூட்டை இறக்குகிற சேட்டன்மார் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள்: “டியர் சாஆஆர்!”

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், அந்தக் கோடவுனுக்கு மேலேதான் எங்கள் தொழிற்பயிற்சிப் பள்ளி. எழுபதுகளின் கடைசி. நான் தையல் டீச்சர், ஆவுடை ஷார்ட்ஹேண்ட் டீச்சர். நடுவில் ஒரு பலகைத் தட்டி. இன்றைக்கும் சுக்குக் காப்பி கொதித்தால் எனக்கு அந்த மாடிதான் கேட்கும்: என் பக்கத்துத் தையல் மிஷின்கள், ரோட்டில் கைவண்டிகள், எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்கிற அவள் குரல்.

காலையில் ஒரு வகுப்பு, மத்தியானம் ஒன்று, வேலைக்குப் போகிற பெண்களுக்குச் சாயங்காலம் ஒன்று. போதாததற்கு பிரின்சிபால் வெங்கிடராமன் சாரின் ஆபீஸ் கடிதங்களையும் அவளே டைப் அடிக்க வேண்டும்.

“முடியல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்டி.”

“சொன்னா, செரி, வீட்டுலே இருந்துக்கோன்னு சொல்லிருவாரு சீதாக்கா. அப்பா முனிசிப்பாலிட்டி வேலைலேந்து ரிட்டயராயாச்சு. தம்பிமாருக்கு இன்னும் ஒரு வழியும் ஆகல்லே.”

போன வருஷப் பரீட்சையில் அவள் வகுப்புப் பெண்களில் ஒருத்திகூடத் தேறவில்லை. எர்ணாகுளத்து சென்டரில் யாரோ ஒரு ஆபீசர் டிக்டேஷன் வாசித்தாராம். பாதிப் பேர் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே படகேறினார்கள்.

வெங்கிடராமன் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“கேட்டேளா ஆவுடையம்மாள், கமிட்டி தீர்மானமா சொல்லிட்டா. இந்தத் தடவையும் ரிசல்ட் இல்லேன்னா ஷார்ட்ஹேண்டை எடுத்துட்டு ரேடியோ ரிப்பேர் கிளாஸ் வெக்கப் போறாளாம்.”

“பிள்ளைங்க நல்லா எழுதுது சார். கிளாஸ்ல ஒரு தப்பு வராது.”

“கிளாஸ்ல எழுதி என்ன பிரயோஜனம்? நான் எத்தனை நாள் உங்களுக்காக வாதாடறது?”

அன்றிலிருந்து அவள் மத்தியானக் கஞ்சியையும் விட்டுவிட்டாள். அந்த நேரத்திலும் வாசிப்புதான். தட்டிக்கு இந்தப் பக்கம் சாயா கிளாசை நீட்டினால், ஆறிப்போய்த் திரும்பி வரும்.

பரீட்சை நெருங்கிய ஒரு காலை. “டியர்...” என்று வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை திறந்தாள். அதே காற்று.

கீழே காத்திருந்தவர்கள் கேட்டார்கள்: “எந்தா டீச்சரே, சாரு இன்னு லீவா?”

அவளைப் படகில் அக்கரைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார். “ஒரு மாசம் வாய் திறக்கக் கூடாது. ரகசியம்கூடப் பேசக் கூடாது. இல்லேன்னா இந்தக் குரல் திரும்பி வராது.”

திரும்பும்போது படகில் என் உள்ளங்கையைப் பிடித்து விரலால் எழுதினாள்: வேலை?

“போகாதுடி, நான் இருக்கேன்ல? டிக்டேஷனை நான் வாசிக்கறேன்,” என்றேன்.

மறுநாள் வாசித்தேன். நாலு வரி போவதற்குள் ஐஷாபி கையைத் தூக்கிவிட்டாள்.

“சீதா டீச்சரே, நிர்த்துங்க, நிர்த்துங்க! ஒண்ணும் பிடி கிட்டல்லே!”

“நான் மெதுவாத்தானேடி வாசிக்கறேன்?”

“மெதுவா வாசிச்சாலும் ஆவுடை டீச்சர் மாதிரி இல்லே. கஷ்டமான வார்த்தை வந்தா டீச்சர் எங்க கையைப் பாப்பாங்க. கை நின்னா அவங்களும் நிப்பாங்க. கை ஓடினா அவங்களும் ஓடுவாங்க. நீங்க பாட்டுக்கு ரயில் மாதிரி போறீங்க.”

பெண்கள் சிரித்தார்கள். ரோசிலி, ஃபோர்ட் கொச்சியிலிருந்து நடந்து வருகிறவள், “போன தடவ அந்த ஆபீசரும் இப்படித்தான் போனாராம்,” என்றாள்.

நான் ஆவுடையைப் பார்த்தேன். அவள் பெஞ்சின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். கண் பெண்களின் பென்சில்களிலேயே நின்றது. பிறகு எழுந்து போய் போர்டில் எழுதினாள்: நாளைக்கு வேறு ஆள் வாசிக்கட்டும்.

“ஏன்டி, நான் அவ்வளவு மோசமா?”

அழித்துவிட்டு எழுதினாள்: மோசம்தான். அதுதான் வேண்டும்.

அட்டெண்டர் சங்கிலிப்பாண்டிக்குப் புது உத்தியோகம் வந்தது. ரோட்டில் இங்கிலீஷ் தெரிந்த யார் போனாலும் மறிப்பான். “சேட்டா, ஒரு சாயா என் கணக்கு. மாடிக்கு வந்து ஒரு லெட்டர் வாசிச்சிட்டுப் போங்க.”

“நீயே வாசிக்கலாமேப்பா,” என்றேன் ஒருநாள்.

“எனக்கு டியர் சார் மட்டும்தான் தெரியும் டீச்சரே. அது கீழே மூட்டை தூக்கறவனுக்கும் தெரியும்.”

வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தினுசு. எதிர் மண்டியின் குஜராத்திக் கணக்கர் மூக்காலேயே ஒரு பக்கம் வாசித்தார். வெங்கிடராமன் சார் வாக்கியத்தின் வாலை வெற்றிலையோடு விழுங்கினார். போஸ்டாபீஸ் பிச்சுமணி, தந்தி படிக்கிற பழக்கத்தில், எங்கே முற்றுப்புள்ளி என்றே தெரியாமல் கொட்டினார்.

“பிச்சுமணி சாரே, யாராவது செத்துட்டாங்களா? இவ்வளவு அவசரமா வாசிக்கறீங்க?” என்றாள் ஐஷாபி.

“எழுது மோளே, எழுது. பாதி லெட்டர் செத்தாச்சு, மீதியும் இப்போ சாகும்.”

முதல் நாட்களில் கை நின்றதுமே எல்லாக் கண்ணும் ஆவுடையிடம் போகும். ரோசிலியின் கண்தான் அடிக்கடி. ஆவுடை சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள், காயலில் படகு பார்ப்பவள்போல. ஜன்னல் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போகும். ஒருதரம் வாசிப்பை நிறுத்தச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன். கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டாள். அன்று ரோசிலி பாதித் தாளோடுதான் எழுந்தாள்.

போகப் போகக் கண்கள் வருவது குறைந்தது. தலை குனிந்தபடியே பென்சில்கள் ஓடின. அது அவளுக்குச் சந்தோஷமா, வருத்தமா? கேட்கத் தோன்றியது. அதைப் போர்டில் எழுதிக் காட்டச் சொல்லவா முடியும்?

பரீட்சை நாளில் நாங்கள் இருவரும் படகுத்துறையில் நின்றோம். பெண்கள் இறங்கினார்கள்.

“எப்படிடீ?”

“ஒரு கிழவன் சார். ஜலதோஷம். தும்மித் தும்மி வாசிச்சாரு,” என்றாள் ஐஷாபி. “ஆனா நம்ம பிச்சுமணி சாருக்கு எவ்வளவோ தேவலை!”

ஆவுடை சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

டாக்டர் சொன்ன மாசம் முடிந்து குரல் வந்தது. வீட்டில் ரெண்டு வார்த்தை பேசுவாளாம். வகுப்பில் மட்டும் வாசிக்க மறுத்துவிட்டாள். ரிசல்ட் வரட்டும் என்று போர்டிலேயே எழுதிக் காட்டினாள்.

மழைக்காலத்தில் ரிசல்ட் வந்தது. வெங்கிடராமன் சார் குடையை மடக்காமலே மாடியேறினார்.

“அநேகமா எல்லாரும் பாஸ்! ஷார்ட்ஹேண்ட் இருக்கும், ஆவுடையம்மாள். நீங்களும் இருப்பேள். கமிட்டி ரேடியோப் பேச்சையே எடுக்கல்லே.”

“நல்லது சார்,” என்றேன் நான். “இனி ஆபீஸ் லெட்டரை நீங்களே அடிச்சுக்கோங்க. அவ மத்தியானம் கஞ்சி குடிக்கணும்.”

“அதென்ன சீதாலக்ஷ்மி டீச்சர், அவா கேக்காததை நீங்க...”

ஆவுடை அவரை நேராகப் பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் குடையை மடக்கிக்கொண்டு இறங்கிப் போனார். மறுநாள் முதல் டைப்ரைட்டர் அவர் அறையில் ஒற்றை விரலில் தட்டுத் தடுமாறியது.

‘அநேகமா’வில் சேராதவள் ரோசிலி. எல்லோரும் சங்கிலிப்பாண்டி வாங்கிவந்த சாயாவுக்கு ஓடியபிறகும் பெஞ்சில் முகத்தைக் கவிழ்த்துக் கிடந்தாள்.

ஆவுடை புத்தகத்தை எடுத்தாள். தொண்டையைச் செருமினாள்.

“டியர் சார்.”

சாக்கைத் தரையில் இழுத்ததுபோல ஒரு குரல். பழைய கணீர் எங்கேயும் இல்லை. கீழேயிருந்து “ஆரா அது?” என்றான் ஒருவன்.

ரோசிலி நிமிர்ந்தாள். “இது... யாரு குரலு டீச்சரே?”

“வேற ஆளு,” என்றாள் ஆவுடை. “பென்சிலை எடு.”

அதற்குள் கீழே யாருக்கோ புரிந்துவிட்டது. “டியர் சாஆஆர்!” என்று கோடவுனே கத்தியது. அவர்கள் முடிக்கும்வரை ஆவுடை காத்திருக்கவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டாள். ரோசிலியின் கையையும் பார்க்கவில்லை.