அத்தை எடுத்த அழைப்புகள்

படிப்பு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. விசாவில் இருபத்தாறு நாள் மிச்சம். அதற்குள் வேலை கிடைத்தால் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும்.

நாற்பத்து மூன்று நிறுவனங்களுக்கு விண்ணப்பித்திருந்தேன். 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்று இயந்திரம் அனுப்பும் மின்னஞ்சல் எல்லா இடத்திலிருந்தும் வந்தது. மனிதர் யாரும் அழைக்கவில்லை.

அறையில் நாங்கள் இரண்டு பேர். மற்றவனும் என்னோடு தகவல் அமைப்புகள் படித்தவன்தான். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வகுப்பில் அவனுக்கு வக்கீல் என்று பேர். மூன்றாவது வாரத்திலேயே அவனுக்கு ஒரு கிடங்கில் வேலை கிடைத்துவிட்டது. சரக்கு இருப்பும் கணினி சொல்லும் இருப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வேலை. எனக்கு முன்னால் கிடைத்துவிட்டதே என்ற குற்ற உணர்ச்சியில் பாத்திரமெல்லாம் அவனே கழுவினான். நான் தடுக்கவில்லை.

"மச்சான், உன் மூஞ்சியப் பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னா ஒத்துக்கலாம். பார்க்காமலே எப்படிடா நாப்பத்து மூணு பேரும் வேண்டாங்கிறான்?"

"மார்க் பத்தலையோ என்னவோ."

"என்னைவிட உனக்கு மார்க் அதிகம். நானே வேலைக்குப் போறேன். எங்கயோ இடிக்குது."

எங்கே இடிக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

ஞாயிறு அத்தையோடு பேசும் நாள். அத்தை, என் மனைவியின் அம்மா. மனைவி இறந்து இருபது மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தாள், நான்காம் நாள் இல்லை. அப்போது எனக்கு இங்கே இடம் கிடைத்து, கிளம்ப ஐந்து வாரம் இருந்தது. போகவில்லை என்றேன். "ஃபார்ம் பூரா அவ உக்காந்து ரொப்பினது. போயிட்டு வாங்க" என்று சொல்லி என் பெட்டியை அத்தைதான் மூடினார்.

அத்தை பேருந்து நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை அலுவலகத்தில் அழுதுகொண்டிருக்கிறது, எல்லாம் அவர் குரலில்தான் ஊருக்குத் தெரியும். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். குரல் பெறவில்லை. அவர் என்னிடம் கேட்கும் கேள்விக்குக் குளியலறையிலிருந்து வக்கீல் பதில் சொல்வான்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு அத்தை."

"என்ன சாப்பிட்டீங்க?"

"சோறு."

"சோத்துக்கு என்ன?"

"முட்டை அத்தை! ஆளுக்கு ஒண்ணு!" இது வக்கீல், குளியலறையிலிருந்து.

"சரி, அது கெடக்கட்டும். இங்க ஒரு தொல்லை மாப்பிள்ளை. வெளிநாட்டுத் திருட்டுப் பசங்க போன் பண்றாங்க. கரெக்டா சீரியல் ஓடுறப்ப."

"என்ன சொல்றாங்க?"

"யாருக்குத் தெரியும்? படபடன்னு இங்கிலீஷு. நடுவுல உங்க பேரைச் சொல்றான். பேரைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தானே ஏமாத்துவான்? இவன் இல்லன்னா இன்னொருத்தன். ஒருத்திகூட உண்டு. 'போலீஸ்'னு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். வெச்சுட்டாங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எந்த போனுக்கு அத்தை?"

"அவ போனுக்குத்தான்."

அந்த போனை அத்தை அணைத்ததே இல்லை. ஃப்ரிட்ஜின் மேல் எப்போதும் சார்ஜில் கிடக்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

மடிக்கணினியைத் திறந்து என் சுயவிவரத்தை எடுத்தேன். மேலே என் பெயர். அதன் கீழே தொலைபேசி எண். சரியாகத்தான் இருந்தது. மறுபடி பார்த்தேன். அப்போதும் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுப் படித்தேன். கடைசி எண்ணுக்கு வந்தபோதுதான் உறைத்தது. அது அவள் எண்.

அந்தச் சுயவிவரத்தை முதலில் தட்டச்சு செய்தது அவள்தான். கல்லூரியில் என்னோடு ஒரே வகுப்பு. "உன் நம்பர் போட்டா நீ எடுக்கவே மாட்ட. என் நம்பரைப் போடறேன்" என்றாள். சொன்னபடியே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அழைப்பை அவள்தான் எடுத்தாள். இங்கே வந்தபிறகு புதுப் படிப்பைச் சேர்த்தேன், மதிப்பெண்ணைச் சேர்த்தேன், எழுத்துருவைக்கூட மாற்றினேன். எண்ணில் மாற்ற எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. என் எண்ணை யாராவது கேட்டால் இன்றும் யோசித்துத்தான் சொல்வேன். அவள் எண் மனப்பாடம்.

வக்கீல் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"டேட்டாவுல தப்பு கண்டுபிடிக்கிற பேப்பர்ல தொண்ணூத்தாறு வாங்கினவன்டா நீ!" என்று சிரிக்கத் தொடங்கினான். பிறகு யாருடைய எண் என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினான். நாற்பத்து மூன்று பேருக்கும் அத்தை போலீசைக் காட்டியிருப்பார் என்று நினைத்தானோ என்னவோ, அடக்க முடியாமல் மறுபடி சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. வெகு நாளாயிற்று.

அன்றே எல்லா நிறுவனங்களுக்கும் சரியான எண்ணை அனுப்பினேன். பெரும்பாலும் 'இடம் நிரம்பிவிட்டது' என்று உடனே இயந்திரம்தான் பதில் அனுப்பியது. மற்றவர்கள் அதையும் சொல்லவில்லை. ஒன்றுதான் தேறியது. மருந்துக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனம். அவர்களுடைய தளத்தில் என் விண்ணப்பத்துக்கு எதிரே இரண்டு வரி இருந்தது. முதல் அழைப்பு: பேச இயலவில்லை. இரண்டாவதும் கடைசியுமான அழைப்பு: இந்த வாரம்.

பதிவான விண்ணப்பத்தில் எண்ணைத் திருத்த வழியில்லை. அவர்களுடைய அலுவலகத்துக்கு அழைத்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று இயந்திரம் சுற்றவிட்டு, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து விட்டது. மின்னஞ்சலுக்கும் இயந்திரமே பதில் எழுதியது. அவள் எண் இந்திய எண். வரும் அழைப்பை வெளிநாட்டுக்குத் திருப்பிவிட அதில் வசதி இல்லை.

அத்தைதான் வழி.

"போன் பண்ணவங்க திருடங்க இல்ல அத்தை. எனக்கு வேலை குடுக்க வந்தவங்க."

"வேலை குடுக்கிறவன் தமிழ்ல சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"இன்னொரு தடவைதான் கூப்பிடுவாங்க. 'ப்ளீஸ் கால் திஸ் நம்பர்'னு சொல்லிட்டு என் நம்பரை இங்கிலீஷ்ல சொல்லணும். அவ்வளவுதான்."

"ப்ளீஸ் எதுக்கு? நாம என்ன கெஞ்சுறமா?"

"கெஞ்சத்தான் வேணும். இருபத்தாறு நாள்தான் இருக்கு."

"இல்லன்னா?"

"திரும்பி வந்துடணும்."

"வந்து?"

நான் பதில் சொல்வதற்குள் அங்கே தாள் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"எழுதிக்கறேன், சொல்லுங்க" என்றார். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் கொட்டை கொட்டையாக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

மறுநாள் ஒத்திகை. வக்கீல் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணுக்கு அழைத்து வெள்ளைக்கார இங்கிலீஷில் என் பெயரைச் சொன்னான்.

"வக்கீல் தம்பியா? பாத்திரம் கழுவியாச்சா?" என்றார் அத்தை.

செவ்வாயும் போனது. புதன்கிழமை சலவைக் கடையில் உட்கார்ந்திருந்தேன். வட்டக் கண்ணாடிக்குள் என் ஒரே நல்ல சட்டை சுற்றிக்கொண்டிருந்தது. நேர்காணல் வந்தால் போட. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

திரையில் 'முதல்ல எடுடா' என்று வந்தது.

அவள் தன் எண்ணை என் போனில் அப்படித்தான் பதிந்துவைத்திருந்தாள். இருபது மாதமாக அந்தப் பெயர் வந்ததில்லை. அந்த நாட்களில் முதல் மணியில் நான் எடுத்ததும் இல்லை.

எடுத்தேன். முதல் மணியிலேயே.

"மாப்பிள்ளை! கூப்பிட்டுட்டாங்க!"

போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார்.

"நம்பர் சொன்னீங்களா அத்தை?"

"அது ஒரு பொம்பளை. குரல் நல்ல குரல்தான். ஆனா மூச்சே விடாமப் பேசுறா. நம்ம பஸ் ஸ்டாண்டுல ரெண்டு நாள் தாங்க மாட்டா."

"அத்தை, நம்பர்."

"இருங்க, சொல்றேன். முதல்ல 'அட்டென்ஷன் ப்ளீஸ்'னேன். கப்சிப்னு ஆயிட்டா. அப்புறம் நிறுத்தி நிறுத்தி மூணு தடவை சொன்னேன்."

"மூணு தடவையா?"

"அறிவிப்புன்னா மூணு தடவைதான். அவ தேங்க்யூன்னு சொன்னா. போனை வைங்க மாப்பிள்ளை, லைன் பிசியா இருக்கப்போகுது!"

அவரே வைத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, புது எண்ணிலிருந்து அழைப்பு. அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் பேசினாள். உங்கள் எண்ணை நான் இனி மறக்கவே மாட்டேன் என்றாள். நேர்காணல் வெள்ளிக்கிழமை.

நீள மேசை, எதிரே மூன்று பேர். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு மேலாளர் பேனாவை வைத்தார்.

"தொலைபேசியில் அறிவித்தவர் யார்?"

"என் மாமியார்."

"அவர் எண்ணையா விண்ணப்பத்தில் கொடுத்தீர்கள்?"

"என் மனைவியின் எண். அவள் இறந்துவிட்டாள். சுயவிவரத்தை அவள்தான் தட்டச்சு செய்தாள். எத்தனை முறை பார்த்தும் எனக்கு அது சரியாகவே தெரிந்தது. உங்கள் கணினிக்கும் அப்படித்தான். இலக்கங்கள் சரி, நாட்டுக் குறியீடு சரி. யாருடைய எண் என்று யாருமே கேட்கவில்லை."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலாளர் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். மருந்துக் கடைகளின் பட்டியல். கடை, உரிமையாளர், எண். பன்னிரண்டாயிரம் வரிகள்.

"இதில் அப்படி எத்தனை இருக்கும்?"

"திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக அழைத்து, எடுப்பது யார் என்று கேட்க வேண்டும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"என் விசா இருக்கும் நாளைவிட அதிகம்" என்றேன். முதலில் சிரித்தவர் அவர்தான்.

திங்கட்கிழமை வேலைக் கடிதம் வந்தது. பதினெட்டு நாள் மிச்சம் இருந்தது. அன்று பாத்திரத்தை நான் கழுவினேன். வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எந்தத் தட்டில் பிசுக்கு இருக்கிறது என்று வாதாடினான்.

பிறகு இருவரும் உட்கார்ந்து வேலையில் சேரும் படிவத்தை நிரப்பினோம். என் எண்ணை நான் அடிக்க, அவன் தன் போனிலிருந்து அழைத்து, என் போன் மணியடித்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போகவிட்டான். அடுத்த கட்டம் 'மாற்று எண்'. பார்க்காமலே அடித்தேன்.

"இது யார் நம்பர்?" என்றான் வக்கீல். கிடங்கில் சரக்கைச் சரிபார்க்கும் குரலில்தான் கேட்டான்.

"அத்தையோடது" என்றேன்.

அத்தையிடமும் சொன்னேன். குடுங்க, தாராளமா குடுங்க, சீரியல் நேரத்துல மட்டும் கூப்பிட வேண்டாம்னு எழுதிடுங்க என்றார். படிவத்தில் அதற்கென்று இடம் இல்லை. 'குறிப்புகள்' என்ற கட்டத்தில் எழுதினேன்.