ஒரு கை தூரத்தில் தெரியாத ஆஃப்சைடு

திருமுருகன்பூண்டி மைதானத்தில் சகாயராஜ் தொண்டை கிழியக் கத்தியது கோப்பைக்காக அல்ல. ஒரே பனியன் கம்பெனியின் இரண்டு யூனிட்டுகள் கால்பந்து ஆடின. தோற்கிற யூனிட் அடுத்த ஞாயிறும் வந்து ஷிப்மென்ட்டை முடிக்க வேண்டும். டிராவானால் போன வருடம் ஜெயித்த முதல் யூனிட்டுக்கே விடுமுறை. சகாயராஜ் இரண்டாவது யூனிட்டின் லைன் சூப்பர்வைசர். அந்த ஞாயிறுதான் தூத்துக்குடியில் அவன் மகளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முறை நற்கருணை வாங்கும் நாள்.

போன வருடம் ஒரு கோலுக்காக இரண்டு மண்டைகள் உடைந்ததால் மேனேஜர் பசீர் அகமது இம்முறை வீடியோ வைத்திருந்தார். டெம்போவின் மேல் ஒரு செல்போன். அதைப் பார்த்துச் சொல்ல, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் ஜெயபாரதி. இரண்டு யூனிட் பீஸும் அவள் மேஜைக்குத்தான் போகும், ஓரவஞ்சனை இருக்காது என்றார். வெளிநாட்டு மேட்ச்சில் கோடு போட்டுக் கோலைப் பிடுங்குகிறவர்களை வாய்க்கு வந்தபடி வைகிற கூட்டம்தான் இதற்குக் கை தட்டியது. சகாயராஜும் தட்டினான்.

முடிய மூன்று நிமிடம் இருக்கையில் இரண்டாவது யூனிட்டின் தௌபிக் கோல் போட்டான். அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். சகாயராஜ் மனைவி ரோஸ்மேரிக்கு போன் போட்டு வருவதாகச் சொல்லியும் விட்டான். அப்போதுதான் ரெஃப்ரி, வீடியோ பார்க்க வேண்டும் என்று விரலால் காற்றில் கட்டம் வரைந்தார்.

ஜெயபாரதி வெயில் மறைக்கத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு போனைப் பார்த்தாள். ஐந்து நிமிடம். சந்தோஷப்படுவதா, திட்டுவதா என்று தெரியாமல் இருநூறு பேர் நின்றார்கள். டியூப்லைட்டுக்கு அடியில் துணியை விரித்து ஓட்டை தேடுவதுபோல் படத்தை இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போனாள்.

"ஆஃப்சைடுங்க. தௌபிக் பூட்ஸ் நுனி கடைசி ஆளத் தாண்டி இருக்குதுங்க."

எவ்வளவு என்று சகாயராஜ் கேட்டான். ஊசி அளவு என்றாள். தண்ணீர் பாட்டில் ஒன்று டெம்போவில் வந்து விழுந்தது. பந்துக்கும் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி ஒருவன் கத்தினான்.

"ஏம்மா, சரக்கு வாங்குற பையர் சட்டமே என்ன? பீஸ ஒரு கை தூரத்துல பிடிச்சுப் பாக்கணும். தெரியலைன்னா பாஸ். நீ பெருசாக்கிப் பெருசாக்கி ஓட்டையத் தேடுத" என்றான் சகாயராஜ்.

அவள் தலை நிமிர்ந்தாள். "போன மாசம் அப்படித்தானுங்க பாஸ் பண்ணுனேன். ஊசி ஓட்டைன்னு லாட் திரும்பி வந்துச்சு. நாப்பது பேரு முன்னால நிக்க வெச்சு என்னையக் குருடின்னு சொன்னது யாருங்க, சூப்பர்வைசர்?"

அந்த ஓட்டையைப் போட்டது அவன் லைன். முதல் யூனிட் பக்கம் சிரித்தார்கள். மூன்று நிமிடத்தில் ஆட்டம் டிராவில் முடிந்தது.

ஞாயிறு வர முடியாது என்று அவன் பசீர் அகமதுவிடம் சொன்னான். அவர் குரலை உயர்த்தவில்லை. வராவிட்டால் திங்கட்கிழமையும் வர வேண்டாம் என்றார். சகாயராஜ் தன் ஆட்களைப் பார்த்தான். ஐந்து நிமிடத்துக்கு முன் அவனோடு சேர்ந்து கத்தியவர்கள்.

"நீங்க வரலைன்னா உங்க வேலைய யாருங்ணா பாக்கறது?" என்றான் தௌபிக். மற்றவர்கள் பைக்கைக் கிளப்பப் போனார்கள்.

அவனை யாரும் பைக்கில் ஏற்றவில்லை. ஜெயபாரதியைத் திட்டிக்கொண்டே அவிநாசி ரோட்டில் நடந்தான். போன மாதம் அவளை அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ என்று ஒருமுறை தோன்றியது. அந்த நினைப்பையும் சேர்த்துத் திட்டினான். பிறகு ரோஸ்மேரியைக் கூப்பிட்டான்.

"கோல் இல்லைன்னுட்டாவ. ஆனா வாரேன். வேல போச்சு. பிள்ளகிட்ட இப்ப சொல்லாத."