தட்டில் ஏறிய குரக்கன் ரொட்டி

இராக்கம்மாவின் வலது காலில் ஏற்கனவே ஒரு விரல் இல்லை. சீனி வியாதி தின்றுவிட்டது. இன்னொரு புண் வந்தால் காலையே எடுக்க வேண்டியதுதான் என்று பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கால் போனால் மலையேறிக் கொழுந்து பறிப்பது எப்படி?

மாதம் ஒருநாள் மடுல்சீமையிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வருவாள். கிளினிக்கில் சோதனைக்கு ரத்தம் கொடுத்து, மாத்திரை விழுங்கி, ஆஸ்பத்திரிக்கு எதிரே பலீல் முதலாளியின் சாப்பாட்டுக் கடையில்தான் சாப்பிட உட்காருவாள். அங்கே என்ன இருக்கும்? சீனி தூவிய பனிஸ், ரோல்ஸ், கோதுமை மாவு ரொட்டி. அது எழுபத்தெட்டாம் வருஷம். மாவுத் தட்டுப்பாடு நீங்கியதும் ஊரே கோதுமை மாவில் விழுந்து புரண்டுகொண்டிருந்தது.

"குரக்கன் ரொட்டி சுடுங்க மொதலாளி. என்னய மாதிரி கிளினிக்குக்கு வர்றவங்க எத்தன பேரு!" என்று இரண்டு மாதமாகக் கேட்டாள். குரக்கன் என்றால் கேழ்வரகு; சீனி வியாதிக்காரருக்குக் கோதுமையைவிட அதுதான் ஒத்துக்கொள்ளும்.

"பஞ்சத்துல தின்னத இப்ப எவன் காசு குடுத்துத் தின்னுவான்? போம்மா," என்றார் அவர்.

போம்மாவாம்! அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றாம் மாதம் ஒரு பையோடு வந்தாள். சர்வர் இத்ரூஸ் வழக்கம்போல் பலகாரத் தட்டை மேசையில் வைத்தான். வேண்டியதை எடுத்துத் தின்னலாம். மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். இராக்கம்மா பையிலிருந்த ஆறு குரக்கன் ரொட்டியையும் அந்தத் தட்டில் அடுக்கி, இரண்டைத் தின்றாள். தட்டு அடுத்த மேசைக்குப் போனது. அங்கிருந்த லொறிக்காரர் ஒன்றைக் கடித்தார்.

"இத்ரூஸ், இது நல்லாருக்கே! இன்னும் கொண்டா, சம்பலும் கொண்டா!"

முதலாளி எழுந்து வந்து தட்டைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"வெளிச் சாப்பாட்டக் கடைக்குள்ள வெச்சது யாரு?"

"நாந்தான். நீங்க சுடுற வரைக்கும் மாசாமாசம் வெப்பேன்."

"இனி கடைக்குள்ளயே விட மாட்டேன்!"

"வாசல்ல ஒக்காந்து விப்பேன்."

லொறிக்காரர் வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தார்.

அடுத்த மாதமும் அவள் பையோடுதான் போனாள். அவரை யார் நம்புவது? ஆனால் தட்டில் குரக்கன் ரொட்டி இருந்தது, சுடச்சுட. முதலாளி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். இராக்கம்மா ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தாள். இனித்தது. ருசிக்கென்று சீனி போட்டுப் பிசைந்திருக்கிறார், மகராசன்!

தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சீனி போடாம வேற சுட்டுக் கொண்டாங்க மொதலாளி. பஸ்ஸுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. நான் எந்திரிக்கப் போறதில்ல."