அருளம்மாள் எறிந்தவை

செஞ்சியில் அருளம்மாள் தன் கையால் வெளியே எறிந்ததெல்லாம் மறுநாள் விடிவதற்குள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில், விபூதிப் புதனுக்கு முந்தின வாரம் இது ஆரம்பித்தது. போன வருஷத்து மந்திரித்த குருத்தோலையை மாதா கோயிலில் சேர்க்க வேண்டும். சாமியார் அதை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார். அதைக் குப்பையில் போடக் கூடாதென்று கோயில் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அருளம்மாள் ஏதோ அவசரத்தில் மல்லாட்டைக் கடலைத் தோலோடு சேர்த்து வாரி எருக்குழியில் கொட்டிவிட்டாள். காலையில் ஓலையும் தோலும் பனியில் நனைந்து வீட்டுக்குள் அம்மிப் பக்கத்தில் குவிந்து கிடந்தன. ஓலையைக் கோயிலில் கொடுத்து, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டு வந்தாள். தோலை மறுபடி கொட்டினாள். அது மறுபடி வந்தது.

கோட்டை அகழியில் கொட்டிப் பார்த்தாள். அனந்தபுரத்துக்குப் போகிற வண்டியில் ஏற்றிவிட்டுப் பார்த்தாள். மூன்றே மாதத்தில் வீட்டில் கால் வைக்க இடமில்லை. அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. மல்லாட்டைத் தோல் அடுப்புக்கு, அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க, துலக்கிய தண்ணீர் வாழைக்கு என்று பிரித்தாள். காய்த்தோல் ஆட்டுக்குப் போனது, உடைந்த பானையில் கோழி தண்ணீர் குடித்தது. கிழிந்த சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். காகிதப் பொட்டலம் வேண்டாமென்று பருப்புக்கும் புளிக்கும் தூக்குச் சட்டியோடு போய் நின்றதில் மளிகைக்கடை பாண்டுரங்கனுக்கு ஒரு வருஷம் சிரிக்க விஷயம் கிடைத்தது. தெருவில் அவளுக்குக் கஞ்சப்பிசினாறி என்று பெயர்.

அவள் புருஷன் தேவசகாயம் எறிந்தது மட்டும் திரும்பாது. ஆனால் குப்பைக்கூடையைத் தொடுவது ஆம்பளைக்கு அழகில்லை என்று அவர் ஒதுங்கியே இருந்தார், அப்படி ஒரு கௌரவம். கோபத்தில் அவர் எறிந்தது இரண்டே தடவை. முதலில், தீய்ந்துபோன குழம்புச் சட்டி. இரண்டாவது, அறுபத்தைந்தில், ஒரே மகள் மரியசெல்வி. வல்லத்துத் தங்கராசு வேதக்காரப் பையன் இல்லை, ஞானஸ்நானம் வாங்காதவன். அவனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். சட்டியும் வரவில்லை, மகளும் வரவில்லை. முட்டை ஓட்டுக்குத் தெரிந்த வழி என் பிள்ளைக்குத் தெரியவில்லையே என்று அருளம்மாள் விடியலுக்கு விடியல் அம்மியைப் பார்த்து அழுதாள்.

அறுபத்தேழில் தங்கராசு பாம்பு கடித்துச் செத்தான். அவன் வீட்டார் மரியசெல்வியை வைத்துக்கொள்ளவில்லை. அருளம்மாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், ஏழு மாத வயிற்றோடு இருந்தவளைக் கூட்டி வந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தேவசகாயம் வந்து பார்த்துவிட்டு எழும்பிக் குதித்தார்.

“இவள வெளிய தள்ளு. இல்லன்னா நான் தள்றன்.”

“நீங்க தொட வாணாம். நானே தள்றன்.”

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், எருக்குழி ஓரம் கோணியை விரித்து உட்கார வைத்தாள். “நீகூடவாம்மா?” என்று மரியசெல்வி கேட்டாள். அருளம்மாள் வீட்டுக்குள் திரும்பி நடந்தாள். ஆளுக்கு இது பலிக்குமா என்று அவளுக்கே தெரியாது. தேவசகாயம் கதவைத் தாழிட்டார். அருளம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே கிடந்தாள்; பயத்தில் பாதி மணிகளுக்கு மந்திரம் வரவில்லை.

விடிந்தபோது அம்மிப் பக்கத்தில், தலைமயிரில் பனியோடு, மரியசெல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. மறுபடி தள்ளச் சொன்னார். அருளம்மாள் தள்ளினாள். மறுநாளும் மகள் அங்கேயே கிடந்தாள். இது ஆகாதென்று தேவசகாயமே எழுந்து போனார். தோளைத் தொடுகிற தூரத்தில் அவர் கை நின்றுவிட்டது. தான் தள்ளினால் இவள் வரவே மாட்டாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையை இழுத்துக்கொண்டார்.

“மூஞ்சி கழுவச் சொல்லு. கஞ்சி ஆறிடப்போவுது” என்றார்.

பெட்டியிலிருந்த பழஞ்சேலைகளில் ஒன்று தூளியானது. அதற்குப் பிறகு தேவசகாயம் அந்த வீட்டிலிருந்து ஒரு தேங்காய் நாரைக்கூடத் தன் கையால் எறியவில்லை.