ஒரே கூரை

ஆலங்கட்டி மழை அடித்து ஓய்ந்த மறுவாரம், கூரைக்காரன் ட்ரெண்ட் இரண்டு மாதிரித் தகடுகளைக் கொண்டுவந்து டெல்மாவின் சமையலறை மேசையில் வைத்தான். பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரிதான் இருந்தன. தாரில் செய்து, மேலே கல்பொடி ஒட்டிய சாம்பல் நிறத் தகடுகள். ஒன்று ஊரில் எல்லோரும் போடுவது. மற்றது ரப்பர் கலந்தது, ஆலங்கட்டியின் அடியைத் தாங்குவதற்கென்றே செய்தது. டெல்மா இரண்டையும் வளைத்துப் பார்த்தாள். முதலாவது முரண்டு பிடித்தது. இரண்டாவது பழகிய செருப்புத்தோல் போல வளைந்து கொடுத்தது.

"எனக்கு இதுதான் வேணும்."

"நல்லதுதாம்மா. ஆனா அந்தப் பக்கத்துக்காரரும் சம்மதிக்கணுமே. இருக்கறது ஒரே கூரை. பாதி இது பாதி அதுன்னு நான் போட்டுத் தர மாட்டேன்."

அந்தப் பக்கத்துக்காரர் வேறு யாருமில்லை, ராய்ஸ்தான். டெல்மாவின் முன்னாள் கணவன். விவாகரத்து ஆனபோது வீட்டை விற்க இருவருக்குமே மனம் வரவில்லை. நடுவில் சுவரை எழுப்பி, கார் நிறுத்தும் கொட்டகை இருந்த பாதியை அவனும் சமையலறை இருந்த பாதியை அவளும் எடுத்துக்கொண்டார்கள். விவாகரத்து வாங்கியும் ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் நடத்துகிறவர்கள் என்று கான்சாஸின் அந்தச் சிற்றூரே சிரித்தது. அதன்பிறகு அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் குப்பைத் தொட்டியையும் புல் வெட்டுவதையும் பற்றித்தான்.

டெல்மா தகடுகளை எடுத்துக்கொண்டு போய் அவன் கதவைத் தட்டினாள். ராய்ஸ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, தகடுகளைத் தொடாமலே பார்த்தான்.

"சாதாரணமே போதும். அடிச்சா மாத்திக்கலாம்."

"வருஷாவருஷம் தலைக்கு மேல ஆளுங்க சுத்தியல் அடிக்கறதைக் கேட்டுக்கிட்டே கிடக்கணுமா நான்?"

"நீ என்னைக்கு சாதாரணத்தை வச்சுக்கிட்டு திருப்தியா இருந்திருக்க?"

கதவு சாத்திக்கொண்டது. அவன் சொன்னது கூரையைப் பற்றி இல்லை என்பது அவளுக்குப் புரியாமலில்லை. திரும்பி நடக்கையில் காது சுட்டது. அன்றைக்கே பலூன்களில் தண்ணீர் பிடித்து உறைபெட்டியில் அடுக்கிவைத்தாள்.

சனிக்கிழமை காலை, இரண்டு தகடுகளையும் ஒரு பலகையில் ஆணியடித்துப் பின்முற்றத்தில் கிடத்திவிட்டு, ஏணியைக் கொட்டகைச் சுவரில் சாய்த்தாள். இரண்டாவது படியிலேயே முழங்கால் மக்கர் பண்ணியது. காப்பிக் கோப்பையோடு ராய்ஸ் தன் பின்வாசலில் நின்றிருந்தான்.

"என்ன, சர்க்கஸா?"

"உன் சாதாரணத்தோட சாமர்த்தியத்தைப் பார்க்கலாம்னுதான்."

"எறங்கு. விழுந்து வச்சா உன் தங்கச்சி என்னைத்தான் கொலைகாரன்ம்பா."

கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு அவனே ஏறினான். டெல்மா பலூன்களை உரித்துப் பனிக்கட்டி உருண்டைகளை எடுத்துக் கொடுத்தாள். முதல் உருண்டை குறி தப்பி அவன் கோப்பையை உடைத்தது. இருவரும் ஒரு கணம் அதையே பார்த்தார்கள். பிறகு டெல்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏணியின் உச்சியில் அவனும் சிரித்தான், ஏணி ஆடுகிற அளவுக்கு. அடுத்தவை தகடுகளின் மேல் விழுந்து சிதறின.

இறங்கி வந்து ஆணியைப் பிடுங்கித் தகடுகளைப் புரட்டினான். சாதாரணத் தகட்டின் அடிப்பக்கத்தில் விரிசல், சிலந்தியின் கால்கள் போல. மற்றதில் லேசான குழி மட்டும். ராய்ஸ் விரிசலைக் கட்டைவிரலால் தடவினான்.

"ஆலங்கட்டி அடிச்ச அன்னைக்கு என் தலைக்கு மேல இதுதான் நடந்திருக்கு," என்றான். "குளியல் தொட்டிக்குள்ள படுத்து, மெத்தையைத் தூக்கி மேல போட்டுக்கிட்டேன். அந்தச் சத்தம் இருக்கே..."

"தொட்டிக்குள்ளயா? எதுக்கு?"

"சைரன் ஊதிச்சே, வேற எங்க போறது? நிலவறைக்குப் படி உன் பாதியிலதானே இருக்கு."

சூறைக்காற்று வருகிறது என்று சைரன் ஊதும்போதெல்லாம் விளக்கையும் பின்னலையும் எடுத்துக்கொண்டு டெல்மா தன் பாட்டுக்கு நிலவறையில் இறங்கி உட்கார்ந்துவிடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் எங்கே போவான் என்று இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நினைத்ததில்லை. கெட்ட எண்ணத்தால் அல்ல. நினைக்கவே இல்லை, அவ்வளவுதான்.

"கதவைத் தட்டியிருக்கலாமே, ராய்ஸ்?"

அவன் உடைந்த கோப்பையைப் பொறுக்கினான்.

"தட்டினா நீ தெறப்பியான்னு தெரியல." பிறகு, நிமிராமலே, "ட்ரெண்ட்கிட்ட ரப்பரையே போடச் சொல்லு. நிறம் உன் இஷ்டம்," என்றான்.

அன்று பிற்பகல் டெல்மா நிலவறைக்குள் இறங்கிப் பார்த்தாள். அவளுடைய நாற்காலி ஒன்றுதான் இருந்தது. சுற்றிலும் காலி ஜாடிகளும் பழைய துணிப் பெட்டிகளும். பெட்டிகளை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினாள். மேலே போய்ச் சாப்பாட்டு மேசையிலிருந்து இன்னொரு நாற்காலியை எடுத்து, ஒவ்வொரு படியாக இறக்கினாள். பாதியில் முழங்கால் மடங்கியது. கை நழுவ, நாற்காலி தடதடவென்று உருண்டு அடியில் போய் மோதியது.

"டெல்மா!" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராய்ஸின் குரல். "டெல்மா, விழுந்துட்டியா?"

அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக் கதவு திறக்கிற சத்தம். புல்லின் மேல் வீட்டைச் சுற்றிக்கொண்டு வரும் காலடிகள், ஓட்டமும் நடையுமாக. டெல்மா கைப்பிடியைப் பற்றி எழுந்து, வாசற்கதவைத் திறக்க மேலே ஏறத் தொடங்கினாள்.